குடிக்கிற வண்டியும் தள்ளுகிற நானும்

பெட்ரோலே இல்லாமல் வெறும் எரிசாராயத்தில் ஸ்கூட்டரை ஓட்டிக் காட்டுவது என்று சபதம் எடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். தலையில் முடி இருந்தது. மூளையும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் ஆய்வகத்தில் வேலை. சோதனைக்கு வீட்டுப் பின்கட்டு. மத்தியானம் வண்டி சமர்த்தாக ஓடும். காலைக் குளிரில் மட்டும் ஐம்பது உதை உதைத்தாலும் அசையாது. தெருக்கோடி வரை தள்ளினால்தான் உயிர் வரும். வந்ததும் பின்கட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தினால் கண்ணெரியும் புகை.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா மனைவியிடம் ரகசியமாகக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் கேன் கேனா சாராயம் கொண்டு வர்றாராமே?"

"அவர் குடிக்கலக்கா. வண்டிதான் குடிக்குது."

"தள்ளாடுதா?"

"குடிச்சது வண்டி. தள்ளுறது இவர்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நல்ல நாட்கள்.

அப்போதுதான் இடி விழுந்தது. மேலதிகாரி புகை அளக்கும் கருவியோடு ஞாயிறு காலை நேரில் வருகிறாராம். வண்டி கிளம்பாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. எனக்குப் பழையபடி பம்பு ரிப்பேர்.

மானம் பெரிதா, விஞ்ஞானம் பெரிதா? கார்புரேட்டரில் யாருக்கும் தெரியாமல் ஊற்ற, ஒரு மருந்து பாட்டிலில் பெட்ரோல் ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு காலை. அதிகாரி வாசலில். பாட்டிலைக் காணோம்!

"இங்க ஒரு பாட்டில் இருந்துதே?" மனைவியிடம் கிசுகிசுத்தேன்.

"அதுவா? உங்க சட்டையில இருந்த கிரீஸ் கறைக்குப் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

அவளோ கொதிக்கிற தண்ணீரில் துண்டை நனைத்துக் கொண்டுவந்து, எஞ்சினுக்குள் எரிபொருள் போகும் குழாயைச் சுற்றிக் கட்டினாள்.

"இப்ப உதைங்க."

இரண்டாவது உதை. படபடவென்று பிடித்துக்கொண்டது! புகை கண்ணை எரிக்கவில்லை. அதிகாரி கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முள் பாதிகூட ஏறவில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"தினம் பின்கட்டுலதான் சார் துணி காயப்போடுறேன். கண்ணு எரியுறது முதல் அஞ்சு நிமிஷம்தான். குழாய் சூடானதும் நின்னுடும். சாராயம் குளிர்ல சரியா ஆவியாகல, பாதி எரியாமலே வெளிய வருதுன்னு தோணுச்சு."

"நாளையிலேர்ந்து ஆய்வகத்துக்கு வந்துட முடியுமா?" என்றார் அதிகாரி.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "எட்டு மணிக்கே வந்துடறேன் சார்!"

"உங்களைக் கேக்கல."

முப்பத்திரண்டு வருடம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். எனக்கு லீவு வேண்டுமென்றால் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.