வெயிலுக்கு ஏற்ற சீனத் தேநீர்

ஒரு காட்டில் அந்த வருஷம் அடித்த கத்திரி வெயிலில் புற்றிலிருந்த கறையான்களே வெளியே வந்து காற்று வாங்கின. அந்தக் காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. உடம்பு முழுக்க ஒரு சாண் நீளத்துக்குக் கறுகறுவென்று ரோமம். மார்கழியில் ஊரே பொறாமைப்படும் ரோமம் அது. சித்திரையில் அதுவே கம்பளிக்குள் கம்பளியாகிவிடும். சடையன் பத்து நாளாகத் தூங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் கடிக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தது.

"என்னங்க, பேசாம ஆத்துல போய் விழுங்களேன்," என்றது அதன் மனைவி தேனம்மாள். காட்டுக்கு நடுவே ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எருமைகள் காலையில் இறங்கினால் மாலையில்தான் கரை ஏறும்.

சடையனுக்கு அது முடியாத காரியம். அது கரடிகள் கண்ணியச் சங்கத்தின் தலைவர். போன வருஷத்து ஆண்டு விழாவில், "நாள் பூராவும் தண்ணியில ஊறிக் கிடக்கிறதும் ஒரு வாழ்க்கையா? நாம என்ன எருமையா?" என்று கர்ஜித்திருந்தது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, காட்டிலுள்ள எல்லா செல்போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து மானம் மரியாதை உள்ள எந்த விலங்கும் ஆற்றுப் பக்கம் போவதில்லை. தாகமெடுத்தால் கரையில் நின்று நாகரிகமாக இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பிவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க," என்றது தேனம்மாள். "இல்லேன்னா நான் மேல்மலையில எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உங்க கௌரவத்தோட நீங்களே குடும்பம் நடத்துங்க."

சடையன் பயந்துபோய் சீனாவிலிருந்த பங்காளி தூதூ அண்ணனுக்கு வீடியோவில் பேசியது. தூதூ ஒரு பாண்டா. பல தலைமுறைக்கு முன் பாகம் பிரிந்து வடக்கே போன கிளை. அண்ணன் மூங்கில் குருத்தைக் கடித்தபடி சாய்ந்திருந்தார். முகத்தில் ஒரு சொட்டுக் களைப்பு இல்லை.

"உங்க ஊர்ல வெயில் இல்லையாண்ணே?"

"ஏன் இல்ல? கொளுத்துது தம்பி. ஆனா நான் டீ குடிக்கிறேன். சாதா டீ இல்ல. புளிக்க வெச்சு, அமுக்கி, வருஷக்கணக்கா மூடி வெச்ச டீ. அதைச் சூடா குடிக்கணும்."

"இந்த வெயில்லயா? சூடாவா?"

"சூடா குடிச்சா வேர்க்கும். வேர்த்தா குளிரும். ஆறின டீயில துணியை நனைச்சு நெத்தியில போடு. சக்கையை உச்சந்தலையில அப்பு. இரு, ஒண்ணு அனுப்பறேன்."

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. காட்டு எல்லையிலிருந்த சோதனைச் சாவடியில் நின்றுவிட்டது. அங்கே அதிகாரி ஒரு தேவாங்கு. ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் வரிசையில் இரண்டு பேர் மயங்கி விழுவார்கள். சடையன் காலையில் போய் நின்றது. அதன் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

தேவாங்கு பொட்டலத்தைப் பிரித்தது. உள்ளே வட்டமாக, கறுப்பாக, தட்டையாக ஒன்று இருந்தது. மழையில் நனைந்த சாக்கு வாசனை அடித்தது.

"வறட்டி," என்று எழுதப் போனது தேவாங்கு.

"ஐயோ சார், அது டீ!"

"டீயா? எத்தனை நாள் ஆச்சு?"

"பதினஞ்சு வருஷம் சார்."

தேவாங்கு மெல்லப் பேனாவைக் கீழே வைத்தது. "காலாவதி ஆன பொருள். அழுகிப் போயிருக்கு."

"அழுகலை சார், புளிச்சிருக்கு. பழசாகப் பழசாகத்தான் மதிப்பு."

"புளிச்சதுன்னா மாவுப் பிரிவு. மூணாவது கவுண்ட்டர்."

மூன்றாவது கவுண்ட்டரில் யாரும் இல்லை. சடையன் அதன் முன்னால் போய் நின்றதும், தேவாங்கு எழுந்து, நடந்து, அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. "இட்லிக்கா, தோசைக்கா?" என்று கேட்டது.

"இட்லிக்கு," என்றது சடையன். அதற்குமேல் வாதாட உடம்பில் தெம்பில்லை. முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் தேனம்மாள் அடுப்பு மூட்டியது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு, நடுவே சடையன். தேயிலை வட்டிலிருந்து ஒரு விள்ளல் பெயர்த்துக் கொதிக்கவிட்டு, தார் நிறத்தில் வந்ததை மூங்கில் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தது. சடையன் முதல் வேலையாக டம்ளரும் கையுமாக ஒரு படம் எடுத்து, 'சீனத் தேநீர். உடம்பெல்லாம் குளுகுளு' என்று எழுதிக் காடு முழுக்க அனுப்பியது. அதற்கப்புறம்தான் குடித்தது.

நாக்கு வெந்தது. தொண்டை வெந்தது. வயிற்றுக்குள் யாரோ இரண்டாவது அடுப்பு மூட்டியது போலிருந்தது. வேர்க்கும், வேர்க்கும் என்று காத்திருந்தது. வேர்க்கவில்லை. சக்கையை எடுத்து உச்சந்தலையில் அப்பிக்கொண்டது. ஒரு கொண்டைக்குருவி வாயில் நாருடன் பறந்து வந்து, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூட்டுக்கு இடம் வசதிப்படுமா என்று ஒரு கால் வைத்து அமுக்கிப் பார்த்தது.

சடையன் மறுபடி போனை எடுத்தது. "அண்ணே! வேர்க்கவே இல்லையே!"

"கரடிக்கு எப்படிப்பா வேர்க்கும்? உள்ளங்கால்ல கொஞ்சம் ஈரம் வரும், அவ்வளவுதான். எனக்கும் வேர்க்காது."

"அப்ப நீங்க எப்படிண்ணே இவ்வளவு குளிர்ச்சியா இருக்கீங்க?"

"நானா?" தூதூ அண்ணன் போனை மெல்லத் திருப்பிக் காட்டினார். சுவரில் வெள்ளையாக, நீளமாக ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. "என்னைப் பார்க்க ஜனங்க வராங்கல்ல தம்பி. ஏசி போட்டிருக்காங்க. ரொம்பக் குளிருதேன்னுதான் டீயே குடிக்கிறேன்."

சடையன் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. வெயிலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஏமாந்ததை எப்படித் தாங்குவது? "உண்மையைச் சொல்லிடுங்க," என்றது தேனம்மாள். சடையனும் சொல்லியிருக்கும்தான். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தால், படத்தைப் பார்த்த அத்தனை விலங்கும் வரிசையில் நின்றன. மயில் ஆளுக்கொரு ஆலிலையில் டோக்கன் நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் டோக்கன் கொம்பையா என்ற காட்டுப்பன்றிக்கு.

"தலைவரே, குளுகுளு எங்கே?"

இனி என்ன செய்ய? சடையன் டம்ளரை நீட்டியது. கொம்பையா ஒரே மூச்சில் குடித்தது. அதன் கண் சிவந்தது. காது விறைத்தது. வரிசை முழுக்க அதன் வாயையே பார்த்தது. சடையனின் இத்தனை வருஷத் தலைவர் பதவி இப்போது ஒரு பன்றியின் நாக்கில் இருந்தது.

நல்லா இல்லை என்று சொன்னால் தனக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடும் என்பது கொம்பையாவுக்கும் தெரியும். "பி... பிரமாதம்!" என்றது. பிறகு டம்ளரை உற்றுப் பார்த்தது. "கொஞ்சம் பிசுபிசுங்குது. நான் கழுவிக் கொண்டாந்துடறேன்."

நாலுகால் பாய்ச்சலில் ஆற்றுப் பக்கம் ஓடியது. தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அரை மணி கழித்து, வாலிலிருந்து தண்ணீர் சொட்ட, முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தது.

"அடேயப்பா! இப்படியொரு குளிர்ச்சியை நான் கண்டதே இல்ல!"

அடுத்து ஒரு மான் குடித்தது. அதன் டம்ளரும் பிசுபிசுத்தது. அடுத்து சிறுத்தை. அதற்கு இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது. நாலாவது ஆள் திரும்பி வந்தபோது சடையனுக்கு விஷயம் பிடிபட்டது. அது தன் டம்ளரைத் தேடி எடுத்தது.

"தேனு, என்னோடதுலயும் கறை இருக்கு."

"ஆமாங்க, அடியில பிடிச்சிருக்கு," என்றது தேனம்மாள், சிரிக்காமல். "என்னோடதையும் நானே வந்து கழுவிக்கறேன்."

இரண்டும் ஆற்றில் இறங்கின. தண்ணீர் ரோமத்துக்குள் புகுந்து தோலைத் தொட்டதும் சடையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த எருமை மெல்லத் தலையைத் தூக்கியது.

"வாங்க தலைவரே. குளிக்கவா?"

"சேச்சே! டம்ளர் கழுவறேன்."

"கழுத்தளவு தண்ணியிலயா?"

"போக மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு சடையன் முங்கியது.

அன்று ராத்திரி அத்தனை நாள் தூக்கத்தையும் சடையன் சேர்த்துத் தூங்கியது. தேனம்மாள் மேல்மலைக்குப் போகவில்லை. ஒரு வாரத்தில் தேயிலை வட்டு தீர்ந்துபோயிற்று. யாருக்கும் அது தெரியவில்லை. தேனம்மாள் வெந்நீரை ஊற்றிக் கொடுத்தது. பிறகு அதையும் நிறுத்திவிட்டது. விலங்குகள் வெறும் டம்ளருடன் வந்து, "ஆஹா, என்ன மணம்!" என்று சொல்லிவிட்டுக் கழுவப் போயின.

ஆற்றில் இடம் போதவில்லை. கண்ணியச் சங்கம் அவசரமாகக் கூடி, கரையில் ஒரு பலகை நட்டது: 'டம்ளர் இல்லாதவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது.' மறுநாளிலிருந்து எருமைகள் எல்லாம் சோதனைச் சாவடியில், தேவாங்கின் முன்னால், டம்ளர் கேட்டு மனு கொடுக்க வெயிலில் நின்றன.

நீதி: கோடைக்குச் சீனத் தேநீர் மிகவும் நல்லது. டம்ளரை மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்று கழுவ வேண்டும்.