பேய்ப்படமும் அபிப்பிராயக் கொப்பியும்

புளியங்கூடல்,
சனிக்கிழமை.

பேரன்புக்குரிய சசிகரன் மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் தேனுஜன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வட்சப்பில் குரல் அனுப்பும்படி தாங்கள் மூன்று தரம் கேட்டிருந்தீர்கள். அனுப்பப் பார்த்தேன். பதினொரு செக்கனுக்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. ஆகவே தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நான் சுகம். மரியாதைக்காக அப்படி எழுதவில்லை. மூன்று நேரமும் சாப்பிடுகிறேன், காலையில் பஸ் ஏறி வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ போய்ப் பிறிட்ஜ் திருத்துகிறேன், பின்னேரம் வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்கிறேன். சில பிறிட்ஜுகள் இருக்கின்றன, கொம்பிரசர் ஓடுகிற சத்தம் கேட்கும், உள்ளே கை வைத்தால் குளிர் இருக்காது. "ஓடுதுதானே தம்பி, பிறகென்ன?" என்று கேட்கிற ஆட்களோடு நான் இப்போது வாதாடுவதில்லை. தாங்களும் குடும்பத்தாரும் கனடாவில் தேகசுகத்தோடு இருக்க நயினை அம்மன் அருள் புரியட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கையின் முதலாம் வருஷ ஆட்டைத் திவசம் முடிந்து அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் போடச் சொல்லித் தாங்கள் ஒரு புறொஜெக்டரும், பென் டிரைவில் பழைய புத்தகங்களைப் பற்றிய ஒரு பேய்ப்படமும் அனுப்பியிருந்தீர்கள். மாமா சேர்த்துவைத்த இருநூற்றுச் சொச்சம் அரிய புத்தகங்களின் அருமை அந்தப் படத்தைப் பார்த்தாவது சனத்துக்கு விளங்கினால் அலுமாரி வாசிகசாலையிலேயே நிற்கட்டும், விளங்காவிட்டால் இருபத்தெட்டாம் திகதி கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் லொறியோடு வந்து அலுமாரியும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவார் என்றும் எழுதியிருந்தீர்கள். சனம் என்ன சொன்னது, ஒளிக்காமல் எழுதும் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். என்னுடைய அபிப்பிராயத்தைத் தாங்கள் கேட்கவில்லை. அது நல்லது. என்னிடம் இல்லை.

அந்த அலுமாரியை ஆறு வருஷம் தங்கள் தங்கைதான் பார்த்தது. "அரிய நூலையெல்லாம் ஊருக்கு இரவல் குடாதை" என்று தாங்கள் போனில் ஏசுவீர்கள். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று கேட்டுவிட்டு அடுத்த நாளே கொடுப்பது. ஆனால் ஒரு சட்டம் இருந்தது. திருப்பிக் கொண்டுவருகிற ஆள் அபிப்பிராயக் கொப்பியில் இரண்டு வரி எழுதவேண்டும். எழுதாத ஆளுக்கு அடுத்த புத்தகம் இல்லை. காய்ச்சல் வந்து ஆறாம் நாள் எல்லாம் முடிந்தபோது நாற்பத்தைந்து புத்தகம் வெளியில் நின்றது. ஒரு வருஷமாக ஒருவரும் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. கொப்பி என் வீட்டில் கிடந்தது.

படம் போட்ட கதையைக் கேளுங்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. ஜன்னலெல்லாம் நீலத் தறப்பாள் கட்டி இருட்டாக்கினோம். உள்ளே வெப்பநிலை முப்பத்தைந்து பாகை. கரண்ட் சரியாக இரண்டு மணி ஐந்துக்கு நின்றது, ஜெனரேற்றர் போட்டேன். புளியங்கூடல் சனம் நேரத்துக்கு வந்திட்டுது. பக்கத்து ஊர்க் கரம்பொன் ஆட்கள் அங்கே மாதா கோவிலில் ஒரு பிள்ளைக்குத் திருமுழுக்கு என்றபடியால் பிந்தி வந்தவை. படம் இரண்டு துண்டாக இருந்தது. முதலாவதைப் போட்டுவிட்டு வெளியில் வந்து ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் இருந்தேன். மச்சான், அந்தப் படத்தை எனக்குப் பார்க்க ஏலாது. புத்தகம் இரவல் கொடுத்த ஒரு மனுசி செத்துப்போகிறா, செத்த பிறகு திருப்பிக் கொடுக்காத ஆட்களின் வீட்டுக்குத் தேடி வருகிறா என்று தாங்கள்தான் போனில் கதை சொன்னீர்கள். தங்கைக்குப் புத்தகம் பிடிக்கும், அதுதான் இந்தப் படம் என்றீர்கள். தங்கள் மனது நல்ல மனது. இடைவேளையில் சரோஜினிதேவி அக்காவின் வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். புளியங்கூடல் சனம் அதைச் சாப்பிட்டுவிட்டு மாடு கட்டவேணும், மிளகாய்க்குத் தண்ணி விடவேணும் என்று எழும்பிப் போனது. பாதிப் படத்தில் ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போது கரம்பொன் சனம் ட்ரக்ரரில் வந்து இறங்கினது. மற்றத் துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பவும் வெளியில் வந்திட்டேன்.

வாசிகசாலைத் தலைவர் தில்லைநாதன் மாஸ்டர், தங்கள் தங்கையின் சட்டப்படி பார்த்த எல்லாரும் அபிப்பிராயம் எழுதவேணும் என்று சொல்லி என்னிடம் கொப்பியை வாங்கி வீடு வீடாக அனுப்பினார். தானே முதல் ஆளாக நாலு பக்கம் எழுதினார். "இப்படத்திற்குத் தலை இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஒரு மாது பேயாய் நின்று அழுகின்றாள். யார், எவர் என்பது சொல்லப்படவில்லை. எனினும், அரிய நூல்களை விற்பதற்காக மருமகனே அவளுக்கு நஞ்சூட்டினான் என நிறுவிய விதம் பாராட்டுக்குரியது." அதற்கு அடுத்த பக்கத்தில் கரம்பொன் ஞானசவுந்தரி அக்கா: "நல்ல பயமான படம். ஆனால் வால் இல்லை. அந்த மனுசி வீடு வீடாய் வந்து புத்தகத்தைத் தா எண்டு கதவைத் தட்டினது தட்டினபடியே நிக்குது. மருமகன் தங்கமான பெடியன். அவனுக்கு ஒண்டும் வரக்கூடாது." மொத்தம் அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். அறுபத்திரண்டிலும் ஒன்பது வடையைப் பற்றியது, அதிலும் இரண்டு கட்சி. மிச்சம் ஐம்பத்து மூன்றில் புளியங்கூடல் முழுக்க மருமகன் கள்ளன் என்கிறது, கரம்பொன் முழுக்க மருமகன் நல்லவன் என்கிறது. நடுவில் ஒருவரும் இல்லை.

எழுதினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை பின்னேரம் ஞானசவுந்தரி அக்காவின் மனுசன் இராயப்பு அண்ணை மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்து வாசிகசாலை வாசலில் இறங்கினார். மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் புறொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், நீங்கள் படம் பாத்தனியளோ, நித்திரை கொண்டனியளோ?"

"இராயப்பு, முப்பத்தாறு வருசம் பிள்ளையளுக்குக் கதை விளங்கப்படுத்தினனான். அந்த மருமகன் கொலைகாரன்."

"கொலைகாரனோ! செத்தவீட்டில மயங்கி விழுந்த பெடியன் மாஸ்டர். தண்ணி தெளிச்செல்லோ எழுப்பினவை."

"அது நடிப்பு."

"படத்தில எல்லாரும் நடிப்புத்தானே! அவன் மட்டும் என்ன பாவம் செய்தவன்?"

பால் கொண்டுவந்த சரோஜினிதேவி அக்காவும் போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டா. "இராயப்பண்ணை, அந்த மனுசி பேயில்லை, தெய்வம். கடைசியில ஒளியாய்ப் போனவ. எனக்குக் கண்ணீர் வந்திட்டுது."

"ஒளியாயோ? குசினிக்குள்ள வந்து சோத்துப் பானையைக் கவிட்டவ! எந்த ஊர்த் தெய்வம் பானையைக் கவிழ்க்கிறது?"

"நீங்கள் என்னத்தைக் குடிச்சிட்டு வந்து பாத்தனியளோ!"

"கோவிலால நேர வந்தனான், சரோ! திருமுழுக்கில தந்தது சோடா!"

மூன்று பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். "தம்பி, நீர்தானே படம் போட்டனீர். நீர் சொல்லும்."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "ஜெனரேற்றருக்கு நாலரை லீற்றர் டீசல் முடிஞ்சுது" என்றேன். அதோடு சண்டை நின்றுவிட்டது. மாஸ்டர் பேப்பரை மடித்தார், அக்கா போத்தலை எடுத்தா, இராயப்பு அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சரி வாறன் எண்டார். இப்ப எங்கையும் இப்படித்தான், மச்சான். நான் வாய் திறந்தால் சனம் தன்ர காலைப் பாக்கத் தொடங்கும்.

செவ்வாய்க்கிழமை சரோஜினிதேவி அக்கா, கொலைகாரனுக்குச் சப்போட் பண்ணுற ஆட்களின்ர மீன் வேண்டாம் என்று இராயப்பு அண்ணையை வாசல் படலையடியில் வைத்தே திருப்பிவிட்டா. புதன்கிழமை மனம் மாறி வாங்கிவிட்டா, ஆனால் வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினதாம். கரம்பொன் பஸ்ஸில் எங்கட ஆட்கள் ஒரு பக்கமும் அவை ஒரு பக்கமும் இருந்து போறதாய் ட்றைவர் சொன்னார். மாஸ்டர் படத்தைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கலாம் என்று யோசிக்கிறார். நான் வேண்டாம் என்றும் சொல்லேல்லை, வேணும் என்றும் சொல்லேல்லை.

இதுக்குள்ள இன்னொரு கரைச்சல். செவ்வாய் காலமை நான் வேலைக்கு வெளிக்கிட, கேற்றடியில ஞானசவுந்தரி அக்கா நிக்கிறா. கையில் ஒரு பை, பைக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள சீலைத் துண்டால சுத்தி ஒரு பழைய நாட்டுக்கூத்துப் புத்தகம்.

"இந்தா தம்பி. நிலாந்தினிப்பிள்ளை தந்தது. இரண்டு வருசமாய்ப் போச்சு. குடுக்கக்கூடாதெண்டு வைச்சிருக்கேல்லை, கண்டியோ."

"பரவாயில்லை அக்கா."

"பரவாயில்லையெண்டு நீர் சொல்லுறீர். அவவெல்லோ சொல்லவேணும். கொப்பியை எடும்."

கொப்பி மாஸ்டரிட்டை. நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். பஸ் போய்விட்டது. அக்கா கேற்றில கொப்பியை வைச்சு, பேனையை இறுக்கிப் பிடிச்சு எழுதினா. "கூத்து நல்லம். இராசா வாற பாட்டு எங்கட அப்பா பாடுறவர். பிந்தினதுக்கு மன்னிக்கவும் பிள்ளை. இராவில வரவேண்டாம், பகலில எண்டால் வரலாம்." எழுதிப்போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனா.

வெள்ளிக்கிழமைக்குள்ள பதினாலு புத்தகம் வந்திட்டுது. எல்லாம் கரம்பொன்னில இருந்து. ஒன்றுக்குள்ளே செபமாலை இருந்தது, ஒன்று இவ்வளவு நாளும் டீவிக்குக் கீழே முண்டு கொடுத்தபடியால் நடுவில் குழி, ஒன்றில் செதில் ஒட்டி நாய் என் பின்னால் வீடு வரை வந்தது. ஒருத்தர் ஒரு பழைய டெலிபோன் டிரெக்டறியைக் கொண்டுவந்து, வீட்டில கிடந்த பழைய புத்தகம் இதுதான், எதுக்கும் வைச்சிரும், பிறகு அவ வந்து கேட்டால் நான் இல்லையெண்டு சொல்லேலாது எண்டு வைச்சிட்டுப் போனார். இன்னொருத்தர் தான் ஒரு புத்தகமும் வாங்கினதில்லை என்று கொப்பியில எழுதி, கீழே என்னைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். புளியங்கூடலில இருந்து ஒரு புத்தகமும் வரேல்லை. அவைக்குத் தெய்வம்தானே, தெய்வம் வந்து கதவு தட்டாது.

ஆகவே மச்சான், தாங்கள் கேட்டதற்கு என் அறிக்கை இதுதான். பார்த்த சனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே படத்தைப் பார்த்துவிட்டு நேர் எதிராகக் கதைக்கிற ஊரில் அரிய நூலின் அருமையை நாம் எதைக் கொண்டு அளப்பது? வந்த பதினாலும் அருமை தெரிந்து வந்ததல்ல, பயத்தில் வந்தது. என்னிடம் மறுப்பு ஒன்றும் இல்லை. இருபத்தெட்டாம் திகதி லொறி வரட்டும். புத்தகங்களை எண்ணிக் கட்டி, பூச்சிக்கு மருந்து வைத்துத் தருகிறேன். அலுமாரியின் பின்கால் ஒன்று உக்கியிருக்கிறது, ஏற்றுகிற ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். அலுமாரியைப் பூட்டித் திறப்பை மாஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

தங்கள் குடும்பத்துக்கு எல்லாம் வல்ல அம்மன் துணை நிற்கட்டும். சின்னவனுக்குப் பல்லு விழுந்ததாக அறிந்தேன், புதுப் பல்லு நேராக முளைக்க என் ஆசிகள். பெரியவளுக்கும் என் அன்பு. அங்கே பனி தொடங்கினால் கழுத்தை மூடிக்கொண்டு திரியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்
(வேறு எப்படி எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை),
தேனுஜன்.

பி.கு.: மேலே எழுதின அறிக்கை பிழை. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்ப முதல் பென் டிரைவைத் துடைத்துத் திருப்பி அனுப்புவம் எண்டு கொம்பியூட்டரில போட்டுப் பாத்தனான். படம் பெரிசு, நாலு ஜீபீக்கு மேல எண்டால் ஒரே துண்டாய் அந்த பென் டிரைவ் ஏற்காது, அதால உங்கட ஆள் இரண்டாய் வெட்டி அனுப்பியிருக்கிறார். புறொஜெக்டர் கடைசியாய் ஏற்றினதைத்தான் மேலே காட்டும். இது பிறிட்ஜ் மெக்கானிக் ஆன எனக்கு மட்டுமில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் மேலே நிண்டதை அமத்திப்போட்டு வெளியில வந்து டீசல் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். புளியங்கூடல் சனம் பாத்தது பின்பாதி, கடைசியில நடிச்ச ஆக்களின்ர பேர் ஓடினதும் படம் முடிஞ்சுதெண்டு வடையைத் திண்டிட்டு எழும்பிப் போயிட்டுது. கரம்பொன் சனம் பாத்தது முன்பாதி. ஒருதரும் பிழை சொல்லேல்லை. ஐம்பத்து மூண்டு பேரும் கண்டதைத்தான் எழுதினவை.

உடனே போய் மாஸ்டரிட்டைச் சொன்னன். அவர் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் சிரிச்சார், பிறகு என்னைப் பாத்திட்டு நிப்பாட்டினார். நான் சிரியுங்கோ மாஸ்டர் எண்டன். வாற ஞாயிறு இரண்டு ஊரும் ஒண்டாய் இருந்து தலையில இருந்து பாக்கிறதெண்டு முடிவு. சரோஜினிதேவி அக்கா கேட்டா, "அப்ப அந்த மனுசி வந்து கதவு தட்டுற கட்டம் எங்களுக்கும் வருமோ?" ஓம், வரும் எண்டன். அவவின்ர முகம் ஒரு மாதிரிப் போச்சு. "தம்பி, அந்த மாட்டு வைத்தியப் புத்தகத்தை இண்டைக்கே கொண்டந்து தரட்டோ?" அவசரமில்லை அக்கா, படத்தைப் பாத்திட்டுத் தாங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.

லொறியை மறியுங்கோ மச்சான். திறப்பு என்னட்டைத்தான் இருக்கு, தரமாட்டன். ஒரு வருசமாய் இந்த ஊரில எனக்கு முன்னால ஒருதரும் நிலாந்தினியின்ர பேரைச் சொல்லேல்லை. எனக்கு நோகுமெண்டு நினைச்சிருப்பினம். இந்தக் கிழமை பதினாலு பேர் கேற்றடியில நிண்டு, நிலாந்தினி தந்தது, நிலாந்தினி தந்தது எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம். இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கினம்.