அல்லன்ன என்றால் கையைக் கட்டு

பிள்ளைகளுக்கு முன்னால் ‘தெரியாது’ என்று சொல்ல எந்த வாப்பாவுக்கும் வாய் வராது. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வராது. அதிலும் சிங்களம் என்று வந்துவிட்டால், மாம்புரியில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் நான் பெரிய பண்டிதன். (விலை சொல்லுவேன், மிச்சம் கொடுப்பேன். அதற்கு மேல் யாராவது கதைத்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்.)

போன பள்ளி விடுமுறையில் மகள் ஹஸ்னாவையும் மகன் அக்ரமையும் சிலாபம் பக்கத்திலுள்ள ஒரு சின்ன விளையாட்டு நூதனசாலைக்கு, பழைய விளையாட்டுச் சாமான்களை வைத்துக் காட்டும் இடத்துக்கு, கூட்டிக்கொண்டு போனேன். ஹஸ்னாவுக்குப் பதினொரு வயது. ஆலங்குடாக் கடற்கரையில் சிங்களப் பிள்ளைகளோடும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிறவள். அக்ரமுக்கு ஏழு. கண்ட சாமானையெல்லாம் தொட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. என் பயமெல்லாம் அவனுடைய கைகளைப் பற்றித்தான்.

வாசலில் நின்ற பொறுப்பாளர், நரைத்த மீசைக்காரர், அவனைக் கண்டதுமே “அல்லன்ன எப்பா” என்றார். தொடாதே என்று அர்த்தம். அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும். ஆனால் சொல் சொல்லாக விளங்கப்படுத்தப் பொறுமையில்லாமல், ஒரே சட்டமாகப் போட்டுவிட்டேன்.

“மகன், அந்த மாத்தயா அல்லன்ன எண்டு சொன்னா, உடனே ரெண்டு கையையும் பின்னால கட்டோணும். விளங்கினதா?”

“ஓம் வாப்பா.”

ஹஸ்னா குறுக்கே வந்தாள். “வாப்பா, எப்பா எண்டாத்தான் வேணாம். அல்லன்ன எண்டா புடிங்க. பந்து மேல போனா அப்பிடித்தானே கத்துவாங்க?”

“சும்மா இரிங்க மகள். கடையில சிங்களம் கதைக்கிறது நானா, நீங்களா?”

சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. பழைய மட்டை, கிழிந்த கையுறை, ஓட்டக்காரர்களின் சப்பாத்து என்று ஒவ்வொன்றுக்கு முன்னாலும் அவர் “அல்லன்ன எப்பா” என்பார். அக்ரம் கையைக் கட்டுவான். அவனுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று நானும் கட்டுவேன். கொஞ்ச நேரத்தில் அது எனக்கே பழகிப்போய்விட்டது.

கடைசி அறையில், அலுமாரிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, எங்களுக்குக் காட்டுவதற்காக மேசையில் வைத்தார். அவருடைய கதையை ஹஸ்னா தமிழில் சொன்னாள். இளமையில் அவரும் கூட்டாளிமாரும் ஓடி வென்ற கிண்ணமாம். அந்தக் கூட்டத்தில் இப்போது உயிரோடு இருப்பது அவர் மட்டும்தானாம். கேட்கப் பாவமாக இருந்தது.

அத்தோடு நான் பேசாமல் வந்திருக்கலாம். விளையாட்டுக் கதை என்றதும் என் பந்துவீச்சு ஞாபகம் வந்து தொலைத்தது. (எத்தாளையில் நான் போட்ட பந்தை இன்னும் தேடுகிறார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோட்டத்தில்.)

“வாப்பா எப்பிடிப் போடுவன் தெரியுமா?” என்று ஓடிவந்து கையைச் சுழற்றினேன். முழங்கை கிண்ணத்தில் பட்டது. அது சரிந்து மேசை விளிம்புக்கு உருண்டது.

“அல்லன்ன! அல்லன்ன!” என்று தொண்டை கிழியக் கத்தினார் மனிதர்.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைத்து நின்றேன். பக்கத்தில் அக்ரமும் அப்படியே. எங்கள் ஒழுக்கத்தை மெச்ச அங்கே ஆளில்லை. கிண்ணம் என் வயிற்றை உரசிக்கொண்டு கீழே போனது.

ஹஸ்னா பாய்ந்தாள். சீமெந்துத் தரையில் குப்புற விழுந்தவளின் உள்ளங்கைகளுக்குள் கிண்ணம் முழுசாக இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அந்த மனிதர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஹஸ்னாவின் தலையைத் தடவினார். பிறகு கதிரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்து முடித்து என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். வழக்கம்போலத் தலையாட்டினேன்.

“என்னவாம் மகள்?”

“வெளிய போற வரைக்கும் நீங்க கையக் கட்டிக்கொண்டே வரோணுமாம். நீங்களும் சரியெண்டு தலையாட்டிட்டீங்க.”

கட்டிக்கொண்டேதான் வந்தேன். அன்றிருந்த நிம்மதியில், மாம்புரி வரை அப்படியே நடக்கச் சொல்லியிருந்தாலும் நடந்திருப்பேன்.

போன மாதம் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. ஹஸ்னாவோடு பார்க்கப் போன இடத்தில் ஆசையாகக் கையை நீட்டினேன். கிண்ணக் கதை அவள் காதுக்கும் போயிருந்தது; கூடப்பிறந்த நானா, அண்ணன் என்றும் பாராமல் பிள்ளையைத் தரவில்லை.

“நானா, முதல்ல கதிரையில இரிங்க.”

இருந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிக் கூப்பிட்டாள்.

“ஹஸ்னா, நீங்க வாப்பாக்குக் கிட்ட வந்து நில்லுங்க.”