திருமலை ஏறிய வாடகைச் சைக்கிள்

சைக்கிளின் சங்கிலி கழன்ற அதே நிமிஷத்தில்தான் மாமனார் புளியந்தோப்புக்குள்ளிருந்து ரோட்டுக்கு வந்தார். சங்கிலி மட்டும் இன்னும் நூறு கஜம் தாங்கியிருந்தால், வல்லிநாயகம் மணியடித்துக்கொண்டே அவர் மேல் போய் இறங்கியிருப்பான். இப்போதோ அவன் ரோட்டோரம் குந்தியிருந்தான். செருப்பில்லாத இரண்டு காலும் ஒழுங்காக மண்ணில் இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

வல்லிநாயகம் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. போன ஆடியில், ஊரெல்லாம் குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டிருந்தபோது, அவனுடைய ஒரே மகளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் குழந்தை கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் அவன் பெண்டாட்டி நாச்சியார் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை பிழைத்தால் அதன் அப்பா தென்காசியிலிருந்து பண்பொழித் திருமலைக்கு வெறுங்காலோடு நடந்து வருவார் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நடக்கவேண்டிய காலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. வல்லிநாயகம் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த வேகத்தில் மறுநாளே நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நடக்கவில்லை. ஆவணியில் வக்கீலுக்குக் கேஸ் கட்டு சேர்ந்துபோயிற்று. ஐப்பசியில் மழை. தையில் காலில் முள். மாசி பிறந்ததும் நாச்சியார் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இலத்தூரில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சாமிக்குச் சொன்ன சொல்லை வச்சுக்கிட்டு இந்த வீட்டுல எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. நடந்துட்டு வந்து கூப்பிடுங்க, வாரேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் கண் கலங்கியிருந்தது. பதினைந்து நாள் வெறும் வீட்டில் வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

போதாக்குறைக்கு அவளுடைய அப்பா ஒருத்தர் இருந்தார். ஆவுடைநாயகம் பிள்ளை. மாதாமாதம் கார்த்திகைக்கு இலத்தூரிலிருந்து திருமலைக்கு நடந்தே போகிறவர், இருபது வருஷமாக ஒரு மாசம் தவறாதவர் என்று சுற்று வட்டாரமே அவரைக் கையெடுத்துக் கும்பிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த நடையைச் சொல்லிச் சொல்லியே நாச்சியார் இவனை இடித்து வந்தாள்.

அதனால்தான் மாசிக் கார்த்திகையன்று அவன் திட்டம் போட்டுக் கிளம்பினான். மாமனார் விடியுமுன்னே போயிருப்பார். தான் சாவகாசமாக வாடகைச் சைக்கிளில் போய், பண்பொழிக்கு முன்னால் வண்டியை எங்கேயாவது போட்டுவிட்டு, மிச்சத்தை நடந்தால் யாருக்குத் தெரியும்?

ஆனால் காலை எட்டரை மணிக்கு அதே மாமனார் இலத்தூர்ப் பாதை பிரியும் விலக்கில் நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறார். அவரும் இவனைக் கண்டு ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். வயிறு சரியில்லை, அதனால் கிளம்பத் தாமதம் என்று கேளாமலே சொன்னார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"இது யாரு வண்டி மாப்பிளே?"

"நம்ம வண்டி இல்ல மாமா. பண்பொழியில ஒருத்தர்ட்ட சேர்க்கணும். நடந்துதானே போறோம், உருட்டிக்கிட்டே போவமேன்னு..."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. நேர்த்திக்கடனையும் கழிக்கிறார், பிறத்தியாருக்கு உபகாரமும் செய்கிறார் என்று மருமகனை வாயாரப் புகழ்ந்தார். வல்லிநாயகம் உடம்பெல்லாம் கூச, குனிந்து கழன்ற சங்கிலியை மாட்டினான்.

"நீங்க முன்னால போங்க. நான் பைய வாரேன்" என்றார் மாமனார்.

அவர் போன பிறகு ஏறிவிடலாம் என்றிருந்த இவன், பெரியவர்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போவது மரியாதையா, நீங்கள்தான் முன்னால் போகவேண்டும் என்றான். அவர் முடியாது என்றார். இவனும் முடியாது என்றான். வெயில் ஏறும் மட்டும் அந்த ரோட்டில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டுக்கொண்டே நின்றார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் சேர்ந்து நடந்தார்கள்.

திருவிதாங்கூர் எல்லையில் சுங்கம் வசூலிக்கும் சவுக்கை வந்தது. அங்கிருந்த சேவகன் சைக்கிளை மறித்து, ஆருடைய வண்டி என்று கேட்டான். என்னுடையது என்று சொன்னால் பக்கத்தில் மாமனார். என்னுடையது இல்லை என்று சொன்னால் திருட்டு வண்டி என்று பிடித்து வைத்துக்கொள்வான். வல்லிநாயகம், பண்பொழி மாடசாமிப் பிள்ளையின் வண்டி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். சேவகன் விட்டுவிட்டான். மாமனார் விடவில்லை.

"பண்பொழியில எனக்குத் தெரியாம எந்த மாடசாமிப் பிள்ளை?"

"ஊருக்குள்ள இல்ல மாமா. மலை மேல. கோயில் மடப்பள்ளிக்குப் புதுசா வந்திருக்காரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

செங்கோட்டையில் மாமனார் ஒரு காப்பிக் கடைக்குள் போய் உட்கார்ந்து, தன்னை விட்டுவிட்டு முன்னால் போகும்படி மறுபடியும் மன்றாடினார். பாவம், என் நேர்த்திக்கடன் தாமதமாகக் கூடாதென்று பார்க்கிறாரே என்று இவன் உருகிப்போனான். காப்பியைக் குடித்ததும் சைக்கிளைச் சந்துக்குள் சுவரோரம் சாத்திவிட்டு, மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினான். அரை மைல் போயிருப்பார்கள். காப்பிக் கடைக்காரர் வியர்க்க விறுவிறுக்க அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"மறந்துட்டுப் போறியளே. ஊரான் வண்டின்னு அண்ணாச்சி சொன்னாக. மனசு கேக்கல" என்று கையில் கொடுத்தார். உத்தமமான மனுஷர். அவர் தலையில் இடி விழ என்று வல்லிநாயகம் மனசுக்குள் வாழ்த்தினான்.

அடிவாரத்தில் அவன் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தான். வண்டியை இங்கேயே வைத்துவிட்டு மாடசாமிப் பிள்ளையைக் கீழே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாமே என்றான். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் பொருளை நடுவழியில் போட்டுவிட்டுப் போவதாவது, உரியவர் கையில்தான் ஒப்படைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லும்போது அவர் படிக்கட்டைப் பார்த்த பார்வையில் ஏனோ உற்சாகமே இல்லை.

வல்லிநாயகம் சைக்கிளைத் தோளில் தூக்கினான். பெடல் விலாவில் இடித்தது. ஹாண்டில் கழுத்தைத் திருகியது. சங்கிலி எண்ணெய் வேட்டியெல்லாம் வழிந்தது. நூறு படி ஏறியதும், மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு கூட்டம் ஒதுங்கி நின்று அரோகரா போட்டது. இப்படி ஒரு காவடியை இதுவரை பார்த்ததில்லை என்று ஒருத்தர் நெகிழ்ந்துபோனார். மூக்கம்மாள் என்று ஒரு அம்மாள் சைக்கிள் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் மகனுக்கும் இப்படி ஒரு பக்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இவன் ஒவ்வொரு படியிலும் முருகா முருகா என்றான். அதில் மட்டும் பொய்யில்லை.

மாமனார் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். கால் பொத்துப்போயிருந்தது. இருபது வருஷமாக நடந்த காலே இப்படி என்றால் நம் கால் என்ன கதி ஆகும் என்று வல்லிநாயகம் நடுங்கிப்போனான். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவருக்கு நீட்டினான்.

நடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தீபாராதனை நடந்தது. வெளிச்சத்தில் குமாரசுவாமியின் முகத்தைப் பார்த்ததும், கண் திறக்காமல் கிடந்த குழந்தையின் முகமும், அது பத்தாம் நாள் கண் திறந்து "அப்பா" என்றதும் அவனுக்கு ஞாபகம் வந்தன. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த சாமிக்கா இந்தத் தில்லுமுல்லு என்று வெட்கமாக இருந்தது.

வெளியே மண்டபத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே வயலும் தென்னையும் பச்சைப் பசேலென்று கிடந்தன. மாமனார் காலை நீட்டி உட்கார்ந்து கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா நடந்து முடிச்சிட்டிய மாப்பிளே. நானே கண்ணால பார்த்த சாட்சி. நாச்சியார்ட்ட சொல்லுதேன். நாளைக்கே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பாடும். ஆனால் அது கிடைத்ததும் வல்லிநாயகத்தால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"மாமா, மாடசாமிப் பிள்ளைன்னு யாரும் கிடையாது. இது வாடகை வண்டி. இலத்தூர் விலக்கு வரைக்கும் நான் இதுல ஏறித்தான் வந்தேன். உங்களைப் பார்க்கலன்னா அடிவாரம் மட்டும் ஏறியே வந்திருப்பேன். நீங்க நாச்சியார்ட்ட என்ன சொல்லணுமோ சொல்லிக்கிடுங்க."

சொன்னதும் தோளிலிருந்து சைக்கிள் இறங்கியபோதுகூட இல்லாத ஒரு லேசு மனசுக்கு வந்தது. பெண்டாட்டி வராவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு வீட்டு வாசலிலிருந்து நடப்போம், நடந்துவிடலாம், இன்று நடந்தோமே என்று தைரியம்கூட வந்தது.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். மலையைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். கோபம் எந்தத் திசையிலிருந்து வரப்போகிறதோ என்று வல்லிநாயகம் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாப்பிளே..." என்று அவர் ஆரம்பிக்கும்போது படிக்கட்டில் யாரோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வருகிற சத்தம் கேட்டது. வந்தவன் இலத்தூர் வில்வண்டிக்காரன் சுடலையாண்டி. சாட்டைக்கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமனாரின் கொப்புளம் வெடித்த காலைப் பார்த்து அப்படியே பதறிப்போய் நின்றான்.

"அஞ்சு நிமிசத்துல வாரேன்னு புளியந்தோப்புல வண்டியை நிப்பாட்டச் சொல்லி இறங்கிப் போனிய, எம்புட்டு நேரம் காத்துக்கிடந்தேன்... இருவது வருசமா மாசம் தவறாம நான்தானே அண்ணாச்சி உங்களை அடிவாரத்துல கொண்டாந்து இறக்கி விடுதேன், இன்னைக்கு யாரு உங்களை நடக்கச் சொன்னது?"