பத்து நாள் தாண்டிய இடுப்பு வலி

எந்தச் சொல்லையும் நான் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்ததில்லை. முதல் நாலைந்து எழுத்தைக் கூட்டிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும் என்பது என் கட்சி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், வளையல் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்ற எழுத்து அது. எங்கள் தெருவில் அப்போது எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். (தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். இருக்காதா பின்னே?)

அது உலகச் சண்டைக் காலம். எங்கள் அய்யாவுக்கு வயது எழுபத்து மூன்று. கோயில் பக்கம் நாற்பது வருஷம் வளையல் கடை வைத்திருந்தவர், அம்மா போன பிறகு என்னோடும் என் வீட்டுக்காரரோடும் மதுரையிலேயே இருந்தார். அவருக்குக் கண் மங்கி, கால் தளர்ந்து, ஆறேழு மாதமாக நான் அவர் பக்கத்தை விட்டு அகன்றதில்லை. தண்ணீருக்கு வீட்டுக் கிணறு. கடைகண்ணிக்கு வீட்டுக்காரர். நான் தெருவைப் பார்த்தே வெகு நாளாகியிருந்தது, தெருவும் என்னை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை அய்யா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை, புரளவும் முடியவில்லை. நானே தூக்கினேன், நானே துடைத்தேன், நானே கஞ்சி ஊட்டினேன். அடுத்த வீட்டுப் பாக்கியத்தக்கா வாசலில் நின்று, "சொர்ணம், நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டது.

"எங்கய்யாவ நான் பாத்துக்கிருவேன்க்கா" என்று சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னேன். மதுரைப் பெண்களின் கைகளுக்கெல்லாம் வளையல் போட்ட மனுஷர், வேட்டி விலகிக் கிடப்பதை நாலு பேர் பார்க்கலாமா? கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

எட்டாம் நாள் மேலூரிலிருந்து சித்தப்பா வந்தார். அய்யாவின் முதுகில் கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒத்தப் பொம்பள. ஒன்னால ஆகாது தாயி. வெள்ளிக்கிழம வண்டியோட வாரேன், அண்ணன ஊருக்குக் கொண்டு போயிருறேன்."

மேலூர் வரைக்கும் மாட்டுவண்டியில் இந்த இடுப்போடு போனால் அய்யா உயிரோடு போய்ச் சேரமாட்டார். அது எனக்கும் தெரியும், அய்யாவுக்கும் தெரியும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வளையலுக்கு அளவு பார்க்கிறவர் மாதிரி.

தூக்கிப் புரட்ட விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். தெருவில் கேட்க வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, வீட்டுக்காரரை ஒரு நாழிகை காவல் வைத்துவிட்டு நானே கிளம்பினேன்.

பத்து நாள் சரியாகத் தூங்காத கண். வெயில் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தெற்குக் கோபுரம் தரையைத் தொடாமல் மிதந்தது. பூக்காரிகள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. கால் நடந்தது, நான் பின்னாலேயே போனேன். அந்த நடையிலேயே, எனக்குப் பழக்கமில்லாத ஒரு தெருவில், வேப்பமரத்தடி வீட்டில் ஒரு பலகையைக் கண்டேன். ம, ரு, த், து, வ... அதற்கு மேல் ஒரு ச. போதுமே! மருத்துவசாலை!

கதவு பூட்டியிருந்தது. ஆணியில் ஒரு சிலேட்டும் சுண்ணாம்புக் கட்டியும் தொங்கின, வருகிறவர்கள் எழுதி வைக்க. எழுதத் தெரியாதவளாக இருந்தால் திரும்பியிருப்பேன், மானம் பிழைத்திருக்கும். நான்தான் எழுத்துக்காரி ஆயிற்றே. எழுதினேன்:

"வீட்டில் இடுப்பு வலி. பத்து நாள் தாண்டிப் போச்சு. தூக்க ஆள் வேணும். உடனே வரவும்."

கீழே தெருப் பெயர். அதற்கும் கீழே என் பெயர், கொஞ்சம் பெரிதாக.

(அந்தப் பலகையில் ச-வுக்குத் தலையில் ஒரு புள்ளி இருந்ததாம். அதற்குப் பக்கத்தில் ஒரு சி-யும் இருந்ததாம். மருத்துவச்சி! பிரசவம் பார்க்கிற அம்மாள்.)

நான் திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் அய்யா கட்டிலருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெயில் தரையில் கிடந்தது. அய்யா அரைத் தூக்கத்தில் பழைய கடையில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். "பச்ச ஒரு டசன்... செவப்பு வேணாமாத்தா?" என்று முனகினார். எனக்கும் கண் சொருகியது. எங்கோ வளையல்கள் குலுங்கின. முதலில் ஒரு கை, பிறகு பத்துக் கை, பிறகு ஒரு தெருவே குலுங்கிக்கொண்டு வருகிற சத்தம். எத்தனை அழகான கனவு என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே கேட்டேனாம்: "யாருக்கு வளைகாப்பு?"

"ஒனக்குத்தான்டி கள்ளி!" என்றது பாக்கியத்தக்காவின் குரல். "வளைகாப்புக்குக்கூடச் சொல்லாம மறச்சுப்புட்டியே! நாலு வருசங்கழிச்சுத் தங்குன பிள்ள, கண்ணு படும்னு பயந்தியாக்கும்?"

கண்ணைத் திறந்தேன். வீடு நிறையப் பெண்கள். ஒருத்தி கையில் சுக்கும் பூண்டும், இன்னொருத்தி இடுப்பில் வெந்நீர்ப் பானை, மூன்றாமவளிடம் துவைத்து மடித்த பழைய நூல் சேலைகள் ஒரு சுமை. நடுவில் வெள்ளைச் சேலையும் தகரப் பெட்டியுமாக ஓர் அம்மாள். பெயர் ஞானம்மா. தெருமுனையில் நின்று, "பத்து நாள் தாண்டின பிள்ளத்தாச்சி சொர்ணம் வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேல் தண்டோரா வேண்டுமா?

"படும்மா" என்றார் ஞானம்மா.

"எதுக்கு?"

"இடுப்பு வலின்னு எழுதியிருந்தியே?"

"எனக்கில்ல. அய்யாவுக்கு!"

அத்தனை தலையும் கட்டில் பக்கம் திரும்பின. அய்யா போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லாமல். "மாப்ள, வீட்டுல இடுப்பு வலியாம்" என்று யாரோ கடையில் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். என் காதோரம் குனிந்து, "எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலையே சொர்ணம்?" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். அதற்கு அன்றைக்கு வேறு வேலை போலிருக்கிறது.

ஞானம்மா மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலருகே போய் அய்யாவின் இடுப்பை அமுக்கிப் பார்த்தார். "எலும்பு ஒடையல. ஆனா முதுகு புண்ணாகப் போகுது. ஒருத்தி தூக்குனா இப்பிடித்தான் இழுபடும்" என்றார். கொண்டு வந்த சேலை ஒன்றை நீளமாக மடித்து அய்யாவின் முதுகுக்கடியில் செருகினார். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்தார்கள். "மெதுவா... ம், இப்ப!" தொட்டிலில் பிள்ளை புரள்கிற மாதிரி அய்யா புரண்டார். பத்து நாளில் முதல் தடவையாக அவர் முனகாமல் புரண்டதைப் பார்த்தேன். வெந்நீரில் ஒத்தடம் ஆயிற்று. பிள்ளைக்கென்று வந்த துணியெல்லாம் அவருக்கு அணையாயிற்று. வேட்டி விலகியதை யாரும் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. பாக்கியத்தக்கா பேசிக்கொண்டே இழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

வாசலில் மாட்டுமணி கேட்டது. சித்தப்பா! உள்ளே எட்டிப் பார்த்தவர் திகைத்து நின்றார். ஒரு பக்கம் சுக்கு இடிக்கிறார்கள், ஒரு பக்கம் வெந்நீர் கொதிக்கிறது, நடுவில் தகரப் பெட்டியோடு மருத்துவச்சி. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "என்ன பிள்ள?"

கட்டிலிலிருந்து அய்யா சொன்னார்: "ஆம்பளப் பிள்ளதான்டா தம்பி. வயசு எழுவத்தி மூணு."

வீடே இடிந்து விழுகிற சிரிப்பு. அய்யாவும் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சித்தப்பா ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "ஒத்தப் பொம்பளன்னுல்ல நெனச்சேன். இம்புட்டுப் பேரு இருக்கீகளே" என்றார். இடித்த சுக்குருண்டையில் நாலு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு, வெறும் வண்டியை மேலூருக்குத் திருப்பினார்.

அன்றிலிருந்து என் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை. (சாத்தினாலும் பாக்கியத்தக்கா விடாது.) காலையில் இரண்டு பேர், சாயந்தரம் இரண்டு பேர், முறை வைத்து வந்தார்கள். ஞானம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாசலில் நின்று, "பச்ச உடம்புக்காரர் எப்பிடி இருக்கார்?" என்று கேட்பார். ஆறாம் மாதம் அய்யா சுவரைப் பிடித்து நடந்தார்.

மறு வருஷம் எனக்கு நிஜமாகவே இடுப்பு வலி வந்தது. வீட்டுக்காரர் தெருவில் இறங்கி, "வீட்டுல இடுப்பு வலி! வீட்டுல இடுப்பு வலி!" என்று கத்திக்கொண்டே ஞானம்மா வீட்டுக்கு ஓடினார். ஒரு கதவும் திறக்கவில்லை. என் வயிறு அவர்கள் கண் முன்னால்தான் வளர்ந்தது, ஆனாலும் இடுப்பு வலி என்றால் அய்யாதான் என்று பழகிய காதுதானே. பாக்கியத்தக்கா மாவாட்டிக்கொண்டே, "பெரியவருக்குத் தைலத்தச் சூடு பண்ணித் தேயுங்க தம்பி, ஆட்டிட்டு வாரேன்" என்று குரல் கொடுத்ததாம்.

ஆட்டி முடித்து அது வருவதற்குள், ஞானம்மாவும் வந்து சேர்வதற்குள், என் மகன் பிறந்துவிட்டான். அப்போது என் பக்கத்தில் இருந்தது அய்யா ஒருத்தர்தான். கண் தெரியாமல், சுவரைப் பிடித்து நடந்து வந்து, அறை வாசற்படிக்கு அந்தப் புறம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து, என் மணிக்கட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவான்: "எங்க தாத்தா பிரசவத்துக்கு ஊரே வந்துச்சு. எம் பிரசவத்துக்கு ஒரு நாதி வரலய்யா!"