லேமினேட் செய்யப்பட்ட கூடைப்பந்து வீரர்கள்

எங்கள் வீட்டில் ஒரு பொருளின்மேல் நம்பிக்கை வைத்துவிட்டோமென்றால் அதைக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவோம். பிறப்புச் சான்றிதழ்கள், என் பட்டம், இராணுவம் பிடித்ததில் இன்னும் கால்வைக்க அனுமதி கிடைக்காத காங்கேசன்துறைக் காணியின் உறுதிப்பத்திரம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான் கிடக்கின்றன. இடம்பெயர்ந்து ஓடிய குடும்பம். மழையில் நனைந்த கடதாசிக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலும் மரியாதை இல்லை என்பதை அப்பா வரிசை வரிசையாய் நின்று படித்தவர். (அதற்காக நான் செய்த மோட்டுவேலைக்கு அவரைப் பழி சொல்ல ஏலாது. சொல்லிப் பாத்தனான், எடுபடேல்லை.)

அப்போது நான் படிப்பை முடித்து, அரசாங்க நியமனம் வரும் வரும் என்று இணுவில் வீட்டில் குந்தியிருந்த காலம். கனடாவிலிருந்து அண்ணை மாதாமாதம் செலவுக்கு அனுப்புவார். அனுப்பிவிட்டு ஃபோன் எடுத்து, "காணுமோ தம்பி?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். எனக்கோ போதுமோ என்ற அந்த ஒரு கேள்வியில் பட்டம், மீசை எல்லாம் உதிர்ந்துபோகும். அவருடைய அன்பை நான் மனதார வெறுத்தேன்.

ஒருமுறை அவர் அனுப்பிய பெட்டியில், பழைய குளிர் ஜக்கெற்றுகளுக்கு அடியில் (யாழ்ப்பாண வெயிலுக்கு ஜக்கெற்!) ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. உள்ளே கூடைப்பந்து வீரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள். கனடா போன புதிதில் ஆரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு வாங்கியதாம்.

"உது குப்பை. அயலுக்குள்ளை சின்னப் பெடியளுக்குக் குடு" என்றார்.

நான் கொடுக்கவில்லை. யூடியூப்பில் தேடினேன். உலகமெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் இந்த அட்டைகளைச் சேர்க்கிறார்களாம். எல்லோரும் இரண்டு மூன்று பிரபல முகங்களின் பின்னால் ஓட, அவர்களுக்குக் குறையாமல் விளையாடியவர்களின் அட்டைகள் மலிவாய்க் கிடக்கின்றனவாம். விசயம் தெரிந்தவன் அவற்றைத்தான் பொறுக்கிச் சேர்ப்பானாம். திறமை இருந்தும் உலகம் மதிக்காத ஆட்கள்! எனக்கு இரத்த உறவைக் கண்டதுபோல இருந்தது. கூடைப்பந்தை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் பம்பைத் தலையும் கட்டைக் காற்சட்டையுமாய் நின்ற அந்த எழுபதுகளின் ஆட்களைப் பற்றி, சொந்தச் சித்தப்பாமாரைப் போலக் கதைக்கத் தொடங்கினேன்.

"உவங்களிலை ஆரும் உனக்கு வேலை எடுத்துத் தருவாங்களோ?" என்றா அம்மா.

அட்டை சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் கனடாவில் மொன்றியல் நகரத்துக் குலம் அண்ணையைப் பிடித்தேன். நம்மவர், பெரிய சேகரிப்பாளர். நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அவரே ஃபோன் எடுத்தார்.

"தம்பி, அந்த நெட்டை ஆளின்ரை அட்டை, மூலை நாலும் கூராய் இருக்கோ?"

"ஓம் அண்ணை, குத்தும்."

"அப்ப நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை எல்லாத்தையும் நேரிலை பாத்து எடுக்கிறன். அதுவரைக்கும் பத்திரமாய் வைச்சிரும்."

அவர் சொன்ன விலையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அன்றைக்கே என் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, "அண்ணை, இனி எனக்குக் காசு அனுப்பாதேங்கோ. நான் உழைக்கப் போறன்" என்றேன். "நல்லது" என்று மட்டும் சொன்னார். ஃபோனில் அவர் "காணுமோ" என்று கேட்காத ஒரே நாள் அது.

அடுத்த கிழமை அந்தச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு கரப்பான் பூச்சியைக் கண்டேன். பத்திரமாய் வைப்பதற்கு எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூரில் ஒரு ஃபோட்டோக் கொப்பிக் கடைக்கு ஓடினேன்.

"அண்ணை, போட்டால் பிறகு கழட்டேலாது" என்றாள் கடைப் பிள்ளை.

"கழட்ட ஆர் கேட்டது? கழட்டேலாமல் இருக்கவேணும் எண்டுதானே போடுறது!" (எவ்வளவு தெளிவாய்க் கதைத்திருக்கிறேன் பாருங்கோ.)

மெஷின் சூடாகி ஒவ்வொருவராய் விழுங்கித் துப்பியது. சித்தப்பாமார் பளபளவென்று வெளியே வந்தார்கள்.

குலம் அண்ணை தேர் முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்தார். அந்த வெக்கைக்குள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அட்டைகளைத் தட்டத்தில் அடுக்கி, சம்பந்தம் பேச வந்த வீட்டில் வெற்றிலை வைப்பதுபோல் கொண்டுவந்து வைத்தேன். அவர் முதல் அட்டையை எடுத்தார். திருப்பினார். அடுத்ததை எடுத்தார். பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார்.

"உந்த வேலையை ஆர் செய்தது?"

"நான்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஏன்?"

"பத்திரமாய் வைக்கச் சொன்னியளெல்லே?"

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "தம்பி, இதைப் போட்டால் அட்டை செத்துப்போச்சு. இனி ஒருத்தரும் தொடமாட்டினம்" என்றார் மெதுவாக. நான் நம்பாமல் பிளேட் எடுத்து நெட்டை ஆளின் பிளாஸ்டிக்கை உரித்தேன். மூலை நாலும் கூராய்த்தான் இருந்தன. முகம் மட்டும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

"முந்தியிலும் வடிவாய்த்தானே இருக்கு?" என்று தட்டத்தில் மினுங்கிய மற்ற அட்டைகளைப் பார்த்தபடி அம்மா தேத்தண்ணியோடு வந்தா. குலம் அண்ணை தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் அண்ணைக்கு எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் வசனம் பாடமாக்கினேன். ஃபோன் எடுத்து "அண்ணை..." என்றதும் அவர் மறித்தார்.

"அம்மா சொன்னவ. காசு அனுப்பியிட்டன். காணுமோ தம்பி?"

காணும் என்றேன். வேறென்ன சொல்ல?

இன்றைக்கும் வீட்டில் ஆருக்கு எந்த நல்லது நடந்தாலும், "சின்னவனைக் கிட்ட விடாதேங்கோ" என்பார்கள். என் கலியாணத்துக்கு வந்த அண்ணை மணவறையில் வைத்தே என் மனைவியிடம், "கவனம் பிள்ளை, உவனுக்கு உம்மிலை விருப்பம் கூடினால் லேமினேட் பண்ணிப்போடுவான்" என்றார். ஐயர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். கலியாணச் செலவு அவருடையதல்லவா?

நெட்டை ஆள் தவிர மிச்ச அட்டைகள், அப்பா பத்திரங்கள் வைக்கும் பையில், காணி உறுதிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மாரி மழை முடிந்ததும் அவர் பையைத் திறந்து, துணியால் ஒவ்வொன்றாய்த் துடைப்பார். முதலில் உறுதியை, பிறகு சித்தப்பாமாரை. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"பாத்தியே, ஒண்டுக்கும் ஒரு சேதமுமில்லை."