டி.டி.எஸ். ஆயிரத்து எண்ணூறு

கிளியனூர்,
9-12-2025, செவ்வாய்.

மதிப்பிற்குரிய துரைக்கண்ணு மாமா அவர்களுக்குத் தங்கள் மைத்துனன் ராஜாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இளவரசியும் தண்ணீர் பிளான்ட்டின் மோட்டாரும் ரிப்பேர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஒலக்கூரில் தாங்களும் செண்பகம் அக்காவும் கறவை மாடுகள் இரண்டும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் நாலாவது வார்த்தைக்கு வருவதற்குள் "செரி செரி, வெச்சிடு" என்பீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அக்கா எடுத்து உரக்கப் படித்துவிடும்.

விஷயம் இதுதான். நம் பிரவீன்குமாருக்கு மாதம் இருபதாயிரம் சம்பளம் என்று சொல்லிவிட்டு, முதல் மாதம் கையில் பதினெட்டாயிரத்து நானூற்றுப் பத்துதான் கொடுத்தார்கள் என்றும், மீதியை எவனோ தின்றுவிட்டான் என்றும், வருகிற திங்கட்கிழமை தாங்கள் திண்டிவனத்தில் அவன் கம்பெனி வாசலில் போய் நிற்கப்போவதாகவும் அக்கா நேற்று அழாத குறையாகச் சொன்னது. மாமா, தயவுசெய்து போகாதீர்கள். பிள்ளை புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தகப்பன் போய்க் குரலை உயர்த்தினால் என்ன ஆகும் என்பது இந்த ஜில்லாவிலேயே என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. நான் போனவன். சும்மாவும் போகவில்லை, ஆறு கேன் தண்ணீரோடு போனேன். வெட்கக்கேடு என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, இன்று தங்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெண் கலைப்பிரியா பி.காம். முடித்துவிட்டு ஜூன் மாதம் விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை எண்ணெய்க் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் சேர்ந்தது தங்களுக்குத் தெரியும். முதல் ஆறு மாதத்துக்குக் கன்சல்டன்ட் என்று பெயர், மாதம் பதினெட்டாயிரம். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம் செய்வார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அங்கேயே ஒரு ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். ஜூலை பிறந்ததும் முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இளவரசி போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அவள் பெயர் சரி, என் பெயரும் சரி, சம்பளம் சரி. அடுத்த வரியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். டி.டி.எஸ். 1,800 என்று போட்டிருந்தது.

மாமா, தண்ணீர்த் தொழில் செய்கிறவனுக்கு டி.டி.எஸ். என்றால் ஒன்றுதான். தண்ணீரில் உப்பும் மற்றதும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டுப் பார்க்கிறோமே, அது காட்டுகிற எண். எங்கள் பிளான்ட் தண்ணீர் எழுபது, எண்பது காட்டும். ஐந்நூறைத் தாண்டினாலே வீட்டுக்காரம்மாக்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆயிரத்து எண்ணூறு என்றால் அதை மாடு கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை என் பெண் தினமும் குடிக்கிறாள், கம்பெனிக்காரன் கொஞ்சமும் கூச்சப்படாமல் அதைச் சம்பளச் சீட்டிலேயே அச்சடித்தும் தருகிறான். போதாததற்கு முந்தின வாரம்தான் முடி கொட்டுகிறது என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப் போயிற்று. உடனே போன் போட்டேன்.

"இன்னாம்மா இது, சீட்டுல டி.டி.எஸ். ஆயிரத்து எண்ணூறுன்னு போட்டிருக்கு?"

"ஆமாம்ப்பா. இங்க புதுசா சேந்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

"அதுக்கு எல்லாரும் சும்மாவா இருந்துக்கினு இருக்கீங்க?"

"இன்னாப்பா பண்றது, ஆறு மாசம் பொறுத்துக்க வேண்டியதுதான். வருஷம் முடிஞ்சா எல்லாம் திரும்பி வந்துடும்ப்பா. வெச்சிடட்டுமா, மேடம் கூப்புடறாங்க."

வருஷம் முடிந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடுமாம். அதாவது, வருஷம் முழுக்கக் குடித்ததை எல்லாம் மொத்தமாக வாந்தி எடுப்பாள், அதுவரை பெற்றவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். இளவரசியும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். "இன்னும் இன்னாய்யா யோசன, ஜல்தியா வண்டிய எடு" என்றாள்.

குட்டியானை வண்டியில் ஆறு கேன் ஏற்றினேன், இளவரசி ஒரு பாட்டிலில் சீரகத் தண்ணீரோடு முன்னால் ஏறிக்கொண்டாள், திண்டிவனத்தில் ஒரு டீ கூடக் குடிக்காமல் நேரே விழுப்புரம் விட்டேன், கம்பெனி வாட்ச்மேன் தடுத்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும், அவரோ கேனைப் பார்த்துவிட்டு "தண்ணியா, மாடிக்குப் போங்க" என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார், தோளில் ஒரு கேனும் சட்டைப் பையில் மீட்டருமாக அக்கவுண்ட்ஸ் அறைக்குள் நுழைந்தேன், சீரகத் தண்ணீரோடு இளவரசி பின்னால் வந்தாள், ஐந்தாறு பேர் தலை நிமிர்ந்தார்கள், அதில் கடைசித் தலை கலைப்பிரியாவுடையது, என்னைப் பார்த்ததும் அது மறுபடி குனிந்துகொண்டது. நடு மேஜையில் ஹமீதுன்னிசா மேடம் உட்கார்ந்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், அந்தப் பிரிவுக்கே தலைவி. அவர் குடிக்க வைத்திருந்த கண்ணாடி டம்ளரில், ஒரு வார்த்தை கேட்காமல், மீட்டரை விட்டேன். அறுநூற்று நாற்பது காட்டியது.

"யாருங்க நீங்க? என் தண்ணியில இன்னாத்த விடறீங்க?" என்றார்.

"தண்ணி பிளான்ட் ராஜாமணி. உங்க டம்ளர்ல அறுநூத்தி நாப்பது இருக்குது. எம் பொண்ணுக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு தண்ணியக் குடுத்துட்டு, நீங்க தனியா நல்லதாப் பாத்துக் குடிச்சிக்கினு இருக்கீங்களா?"

ஓர் இளைஞன் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடப் போய்விட்டான். நான் போனில் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினேன். மேடம் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை, மாமா. அந்த மரியாதையை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"ஐயா, இது தண்ணி டி.டி.எஸ். இல்லீங்க, வரி. பணத்தக் கையில குடுக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் புடிச்சி, உங்க பொண்ணு பேருல நாங்க கவர்மென்ட்டுக்குக் கட்டிடறோம். கன்சல்டன்ட்டுன்னா நூத்துக்குப் பத்து. பதினெட்டாயிரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. அவங்க வருமானம் வரி கட்டற அளவுக்கு இல்ல. வருஷம் முடிஞ்சதும் கணக்கு தாக்கல் பண்ணா திரும்பி வந்துடும்."

"எது திரும்பி வரும்?" என்று இளவரசி சந்தேகத்தோடு கேட்டாள்.

"பணங்க" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்கள் கவனிக்க வேண்டியது. மாடிப்படி வரைக்கும் கலைப்பிரியா கூட வந்தாள். கண் கலங்கியிருந்தது. "சேந்து ஒரு மாசந்தாம்ப்பா ஆவுது. இன்னும் அஞ்சு மாசத்துல வெச்சிக்கறதா அனுப்பறதான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. இனிமே என்னப் பாத்தா அவங்களுக்கு வேற இன்னா ஞாபகத்துக்கு வரும்?" என்றாள். கேனை இறக்குவதா ஏற்றுவதா என்று கூடத் தெரியாமல் நின்றேன். அவள் வேலை என்னால் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே நினைப்பில் கிளியனூர் வரை வண்டியை ஓட்டினேன். அதன் பிறகு மூன்று வாரம் அவள் அம்மாவுக்குத்தான் போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டாளா கேளு" என்பேன், இளவரசி கேட்பாள், பதில் இளவரசிக்கு வரும்.

ஆனால் காரியம் நான் பயந்த மாதிரி ஆகவில்லை. ஆகஸ்டில் ஹமீதுன்னிசா மேடமே என்னைக் கூப்பிட்டார். போச்சு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லப்போகிறார் என்று வியர்த்துவிட்டது. அவரோ, "ஐயா, அன்னைக்கு அறுநூத்தி நாப்பதுன்னீங்களே, அது நெசமாவே ஜாஸ்தியா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், அங்கே இருந்த சுத்திகரிப்பு மெஷினில் ஃபில்டர் மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதலில் கேன் போடச் சொன்னார்கள். பிறகு அந்தப் பெரிய மெஷினையே பிரித்துச் சரிசெய்யும் வேலையை நாற்பதாயிரம் ரூபாய்க்கு என்னிடம் கொடுத்தார்கள். போன மாதம் முடித்துக் கொடுத்தேன், இப்போது தொண்ணூறு காட்டுகிறது. கலைப்பிரியாவுக்கும் இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம் என்று கடிதம் வந்துவிட்டது. என்னோடும் பேசுகிறாள். மனசு நிறைந்து இருக்கிறேன், மாமா. பேஜார் எல்லாம் தீர்ந்தது.

இப்போது பிரவீன்குமார் சீட்டுக்கு வருகிறேன். அக்கா போனில் படித்ததைக் குறித்துக்கொண்டு கலைப்பிரியாவிடம் கேட்டேன். ஆயிரத்து நானூற்று நாற்பது பி.எஃப். அவன் அடிப்படைச் சம்பளம் பன்னிரண்டாயிரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு. அது எவன் வயிற்றுக்கும் போகவில்லை, அவன் பெயரிலேயே வட்டியோடு சேர்கிறது. கம்பெனியும் தன் பங்குக்கு அதே அளவு போட வேண்டும், அதில் ஒரு பகுதி பிற்காலத்தில் பென்ஷனுக்கு. நூற்றைம்பது இ.எஸ்.ஐ. உடம்புக்கு வந்தால் அவனுக்கும், அவனை நம்பியிருக்கிற தாய் தகப்பனுக்கும் வைத்தியம் பார்ப்பார்கள், ஆகையால் தாங்கள் சண்டைக்குப் போய் ரத்தக் கொதிப்பு ஏறினால் அந்த நூற்றைம்பதில்தான் படுக்க வேண்டிவரும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள், பதினெட்டாயிரத்து நானூற்றுப் பத்து சரியாக வரும். வருமான வரி என்று ஒரு பைசா பிடிக்கவில்லை, அவன் வாங்குகிற சம்பளத்துக்கு அது வராது. பி.எஃப். நம்பரை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலை மாறும்போது பணத்தை எடுத்து வண்டி வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

மாமா, பிடிக்கிறவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். ஒருவன் அமைதியாக உட்கார்ந்து விளங்கிக்கொண்டான் என்றால் கோபம் வரவே வராது, இதற்கு நானே சாட்சி. திங்கட்கிழமை கம்பெனி வாசலுக்குப் போகாமல் இங்கே வாருங்கள், இளவரசி கேப்பை அடையும் கருவாட்டுக் குழம்பும் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அக்காவின் முழங்காலுக்கும் தங்கள் முன்கோபத்துக்கும் நல்ல குணம் உண்டாக வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். பிரவீன்குமாருக்கு என் ஆசிகள். மாடுகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் பணிவுள்ள,
ராஜாமணி

பி.கு.: புதன்கிழமை. தபாலில் போடப் போனவன் திரும்பி வந்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மெஷின் வேலைப் பணம் சற்று முன் பேங்கில் விழுந்தது. நாற்பதாயிரத்துக்கு முப்பத்திரண்டாயிரம்! எட்டாயிரம் டி.டி.எஸ்.! பான் நம்பர் கொடுத்திருந்தால் நூற்றுக்கு ஒன்றுதானாம், நானூறோடு போயிருக்கும். கொடுக்காதவனுக்கு நூற்றுக்கு இருபதாம். அவர்கள் தந்த படிவத்தில் பான் நம்பர் என்ற கட்டத்தில் நான் 'கலைப்பிரியாவின் தகப்பனார்' என்று எழுதியிருந்தேன். அதைவிட ஒரு மனிதனுக்கு அங்கே என்ன அடையாளம் வேண்டும்? பகல் கொள்ளை, மாமா. திங்கட்கிழமை நானும் வருகிறேன், முதலில் திண்டிவனம், அப்படியே விழுப்புரம், இரண்டு இடத்திலும் ஒரு கை பார்த்துவிடுவோம். விழுப்புரத்தில் மட்டும் தாங்கள்தான் பேச வேண்டும். பிடித்தது யார் என்று, இன்று தபாலில் வந்த பில் நகலின் அடியில் பார்த்தேன். 'ரா. கலைப்பிரியா' என்று கையெழுத்து இருக்கிறது. நிரந்தரமான பிறகு அவள் பாஸ் செய்த முதல் பில் என்னுடையதுதானாம். போனில் கேட்டதற்கு, "அப்பாவா இருந்தா இன்னாப்பா, ரூல் ரூல்தானே?" என்கிறாள். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது, மாமா. இளவரசி அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள், நானும் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.